சத்தம் போடாத பெட்டி

காதில் மாட்ட வேண்டியதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் திரிந்தால் வீட்டில் என்னென்ன ரகளை நடக்கும் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம்தான் புதிதாக உள்ளே வருகிறீர்கள் என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வீட்டுப் பெரியவரை வீட்டிலும் தெருவிலும் ஃபோர்மேன் என்றுதான் சொல்வார்கள். அச்சாபீஸில் பெரிய மெஷின்களுக்கு நடுவில் வேலை பார்த்து, ஓய்வு பெறும்போது காதில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். லிஃப்ட் மெக்கானிக்கான மகனும், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கும் மருமகளும் சேர்ந்து அவருக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அவரும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். தெருவில் மாட்டுவார், கடைக்குப் போனால் மாட்டுவார். ஹாலுக்கு வந்தால் மட்டும் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியூரிலிருந்து மகள் வீடியோ காலில் டிவிக்கு வருவாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் என்ன கேட்டாலும் ஃபோர்மேன் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு, எழுந்து வீட்டின் பின்பக்கம் போய்விடுவார். அந்த முனையில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அப்பா பேச்சையே மறந்துவிட்டார், மருமகள் அவரை ஓரங்கட்டி வைத்திருக்கிறாள், நேரில் போய் அழைத்து வந்துவிட வேண்டியதுதான். போன ஞாயிறு அதை முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டாள்.

மருமகளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மாமனாரிடமே போய், பாதி ஜாடையும் பாதி சத்தமுமாகக் கேட்டுவிட்டாள். ஹாலில் மட்டும் ஏன் கழற்றுகிறீர்கள்?

"அத மாட்டிக்கிட்டு ஹால்ல உக்காந்தா மறுபடி ஷிஃப்டுக்குப் போன மாதிரி இருக்கும்மா," என்றார் ஃபோர்மேன்.

டிவிக்குக் கீழே இருந்த பழைய கம்ப்யூட்டர்தான் குற்றவாளி. பாட்டு, படம், டீச்சரின் முகம் எல்லாம் அதன் வழியாகத்தான் டிவிக்கு வரும். அதற்குள் ஃபேன் ஓடுகிற இரைச்சல் மற்ற இருவருக்கும் பழகிப்போன ஒன்று. காது மெஷினோ பேச்சு எது, இரைச்சல் எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பெரிசாக்கி அவர் மண்டைக்குள் கொட்டியது.

"ஏன் மாமா சொல்லவே இல்ல?"

"நீங்க ரெண்டு பேரும் வேலை விட்டு வந்து ஆசையா ஒரு பாட்டு கேக்கறீங்க. நான் சொன்னா நிறுத்திடுவீங்க. அதான்."

இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு மருமகள் சும்மா இருப்பாளா?

*

ஞாயிறு காலை. ஹால் நடுவில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன் மேல் ஒரு கடையையே பரப்பி உட்கார்ந்திருந்தாள் அவள். ஏதோ ஒரு ஆபீஸ் மொத்தமாகக் கழித்துப் போட்ட சின்ன கம்ப்யூட்டர்களில் ஒன்று. எடைக்குப் போக இருந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். "உன் மாமனாருக்குன்னா எடுத்துட்டுப் போம்மா" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

டீயோடு வந்த லிஃப்ட் மெக்கானிக் பெட்ஷீட்டின் ஓரத்தில் குந்தினான். மனைவி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டால் அவனுக்கு அவள் இன்ஜினியரம்மா.

"இன்ஜினியரம்மா, இது நம்ம டிவிடி பிளேயர் ஆச்சே. இதை ஏன் போஸ்ட்மார்ட்டம் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. இந்த ஆபீஸ் பெட்டி தகரம் லொடலொடன்னு ஆடுது, பாக்கவும் சகிக்கல. டிவிடி பிளேயர் கூடு நல்ல கனம். உள்ள இருக்கறத எடுத்துட்டு, இந்தக் கம்ப்யூட்டர் போர்டை அதுக்குள்ள உக்கார வெச்சா டிவிக்குக் கீழ அழகா அடங்கிடும்."

"நம்ம கல்யாணத்துக்கு வந்த பரிசு அது."

"பரிசு வந்த அன்னைக்குப் பாத்தது. அதுக்கப்புறம் நீங்க அதைத் துடைச்சாவது இருக்கீங்களா?"

அவன் வாயை டீ டம்ளரால் மூடிக்கொண்டான்.

வேலை ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. கம்ப்யூட்டருக்குள் சத்தம் போடுகிற ஆட்கள் இரண்டே பேர். ஒன்று ஹார்ட் டிஸ்க், அது உள்ளுக்குள் சுற்றிக்கொண்டே கரகரக்கும். அதைத் தூக்கிவிட்டு, உள்ளே எதுவுமே சுற்றாத புது மாதிரி டிஸ்க் ஒன்றை மாட்டினாள். கைக்குட்டைக்குள் அடங்கிவிடும் அளவு. இன்னொன்று ஃபேன். இருந்தது சின்ன ஃபேன். ஃபேன் எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமாகச் சுற்றும், அவ்வளவு கீச்சென்று கத்தும். அதற்குப் பதிலாக அகலமான ஃபேன் ஒன்றைக் கடையில் கழித்துப் போட்ட பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தாள். அது சாப்பிட்டுவிட்டு நடக்கிறவர் மாதிரி மெதுவாகத்தான் சுற்றும், காற்று மட்டும் போதுமான அளவு தரும்.

கூட்டின் மூடியில் காற்று போக ஓட்டைகள் வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் ட்ரில் மெஷினை எடுத்து வந்து வரிசையாகப் போட்டான். போட்டு முடித்து, பார்த்தாயா என் கைவண்ணத்தை என்று மூடியை மனைவியிடம் நீட்டினான்.

அதை நடுவில் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

அதுவரை தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்மேன்தான். காது மெஷின் வழக்கம்போலச் சட்டைப் பையில். "ஓரமெல்லாம் பிசிறு நிக்குது. கை கிழிச்சிரும்," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாது. அரத்தை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

மருமகள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி இன்னைக்கு மத்தியானம் முடிவாச் சொல்லிடுவாங்க இல்ல?" என்றாள் கணவனிடம்.

"சொல்லுவா."

"மாமா நல்லாப் பேசினா, நிலைமை புரிஞ்சு விட்டுடுவாங்க இல்ல?"

"எங்க அக்காவ உனக்குத் தெரியாதா. ஒரு கணக்குப் போட்டான்னா விடை வர்ற வரைக்கும் விட மாட்டா." சொன்ன பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "விட்டுடுவா. விட்டுடுவா. நீ ஸ்க்ரூவ முடுக்கு."

*

ஸ்விட்சைப் போட்டதும் டிவியில் படம் வந்தது. முதல் தடவையிலேயே வந்ததற்கு மருமகள் மனசுக்குள் ஒரு நன்றியைச் சொல்லிக்கொண்டாள். இந்தத் தொழிலில் அது தினமும் கிடைக்கிற கொடுப்பினை இல்லை.

ஆனால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் மிச்சம் இருந்தது.

"ஃபேன்தான்," என்றாள் அவள், முகம் சுருங்கி.

"ஃபேன் இல்ல. இரு." லிஃப்ட் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடினான். லிஃப்ட் மோட்டாருக்கு வைத்தியம் பார்க்கிற முறை இதுதான். இடம் மாற்றி மாற்றி வைத்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்தான். "ஃபேன் ஒழுங்காத்தான் சுத்துது. அது ஆடறது தகரத்துல இறங்குது, தகரம் பலகையில இறங்குது, பலகைதான் முனகுது. நடுவுல மெத்துன்னு ஏதாவது வேணும். ரப்பர் மாதிரி."

"இருங்க, வரேன்."

அவள் குளியலறைப் பக்கம் போனாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. நாலு மூலைக்கும் ஃபேனுக்கும் அளவாக வெட்டிய நீல ரப்பர் துண்டுகளோடு திரும்பி வந்தாள்.

"இது என் செருப்பு," என்றான் அவன்.

"ஆமா."

"போன வாரம் வாங்கினது."

"பழசு தேஞ்சு கல்லு மாதிரி இருக்குங்க. புதுசுலதான் மெத்து இருக்கு."

இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? அவன் பேசாமல் பெட்டியைத் தூக்கிப் பிடித்தான், அவள் ரப்பரை ஒட்டினாள். முனகல் நின்றுபோனது. ஃபேனைப் பிடித்து வைத்திருந்த திருகுகளுக்கு அடியிலும் ஒரு துண்டு வைத்ததும், காதைப் பெட்டி மேல் வைத்தால்தான் ஏதாவது கேட்டது.

அதற்குள் மூடியைத் தேய்த்து முடித்த ஃபோர்மேன் வந்து அதைத் தன் கையாலேயே பொருத்தினார். ஓரங்களில் விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். முகப்பில் எரிந்த நீல விளக்கு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஹாலில் படுக்கிறவர் அவர். "கண்ணுல ஊசி மாதிரி குத்துதும்மா," என்றார். மருமகள் கறுப்பு டேப்பில் ஒரு துண்டு கிழித்து அதன் மேல் ஒட்டிவிட்டாள்.

பாட்டு கேட்பதற்காக வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரையும் பெட்டியிலேயே சொருகினாள். டிவியின் குரல் அவருக்கு எப்போதும் தொண்டை கட்டின மாதிரி கேட்கும், இதில் வார்த்தை தெளிவாக வரும். டிவி மேல் உட்கார்ந்திருந்த கேமராவின் ஒயரையும் மாட்டினாள். எல்லாம் தயார்.

"மாமா," என்று கையால் காதைக் காட்டினாள்.

ஃபோர்மேன் சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்தார். மாட்டினார். அடி விழப்போகிறது என்று தெரிந்த மனிதர் மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"ம். ஆன் பண்ணும்மா," என்றார்.

"ஆன்லதான் மாமா இருக்கு."

அவர் பெட்டியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, கதகதப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இருந்தது. முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது.

"இது யாரு, ராகமே இல்லாம பாடறது?" என்றார் திடீரென்று. குரலும் பாதியாக இறங்கியிருந்தது.

பெட்ஷீட்டைச் சுருட்டிக்கொண்டே முணுமுணுவென்று பாடிய லிஃப்ட் மெக்கானிக் வாயை மூடினான்.

"எப்பவும் இப்படித்தான் பாடுவானா?"

"எப்பவும் இப்படித்தான் மாமா," என்றாள் மருமகள். "இத்தனை நாளும் நீங்க தப்பிச்சீங்க."

ஃபோர்மேன் சிரித்தார். கையில் இருந்த மிச்ச டேப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். அழுதால் அசிங்கமாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் சமாளித்தாள், அப்புறம் அடுப்படிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

*

மத்தியானம் டீச்சர் வந்தாள். டிவி முழுக்க அவள் முகம், மூக்குக் கண்ணாடி, பின்னால் வெள்ளைச் சுவர்.

"அப்பா, கேக்குதா? கேக்குதாப்பா?" என்று வழக்கம்போலக் கத்தினாள்.

"கத்தாத பாப்பா. கேக்குது," என்றார் ஃபோர்மேன்.

தலை நரைக்கத் தொடங்கிய டீச்சர் அவருக்கு இன்றைக்கும் பாப்பாதான். ஆனால் அந்தப் பாப்பா அப்படியே விக்கித்துப் போனாள். எழுதி வைத்த மாதிரி கொண்டுவந்திருந்த பேச்செல்லாம் கலைந்துவிட்டது போலிருந்தது.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்ட்டேன். நீ?"

"நானா? சாப்ட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "முட்டி வலி எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன். உன் குரல் ஏன் கம்மியிருக்கு?"

"பசங்ககிட்டக் கத்தறேன்ல. அதான்."

கேட்ட கேள்விக்குப் பதில், பதிலுக்கு ஒரு கேள்வி என்று அப்பா பேசப் பேச, டீச்சரின் கண் அடிக்கடி தம்பியையும் அவன் மனைவியையும் போய்த் தொட்டுவிட்டு வந்தது. மருமகள் நாற்காலியின் பின்னால் நின்று அதன் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் என்ன, விட்டுவிடுவாள் என்று அவளுக்கு நம்பிக்கை வந்திருந்தது.

"சரி. எப்படியோ இருக்கட்டும்," என்றாள் டீச்சர். "வர்ற சனிக்கிழமை நான் வர்றேன். நீங்க என்கூட வந்துடுங்கப்பா."

ஃபோர்மேன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டித் தட்டிக்கழிக்கிற பழைய "சரி, சரி" அவர் வாயில் வரவில்லை.

"சரி பாப்பா. வர்றேன்," என்றார் நிதானமாக.

மருமகளின் கை நாற்காலியிலிருந்து நழுவியது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "சரிக்கா, அப்ப வெச்சிடறோம்," என்று ரிமோட்டை எடுத்து அழுத்தினான். டிவி இருண்டது.

"என்னப்பா," என்றான் மகன், "இப்படிச் சட்டுன்னு சரின்னுட்டீங்க?"

ஃபோர்மேன் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பேசிவிட்டாள். இத்தனை வருஷத்தில் மாமனாருக்கு முன்னால் அவள் இப்படிப் பேசியதில்லை.

"நான் எதுல குறை வெச்சேன் மாமா? சொல்லிட்டுப் போங்க. நான் ஹாஸ்டல்ல வளந்தவ. எனக்கு அப்பாங்கறது ஃபாரத்துல எழுதற ஒரு பேரு, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்து நான் வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப உங்க சொந்தக்காரங்க என்னென்ன பேசினாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசல. காலைல நான் எந்திரிச்சு வந்தா டிபன் பாக்ஸ் கட்டி ரெடியா வெச்சிருந்தீங்க. அன்னையிலேர்ந்து நீங்க எனக்கு மாமா இல்ல. இப்ப நீங்க போறேன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது, போகாதீங்கன்னு?"

லிஃப்ட் மெக்கானிக் தரையைப் பார்த்தான். டிபன் பாக்ஸ் விஷயம் அவனுக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

"இப்படி உக்காரு," என்றார் ஃபோர்மேன்.

அவள் உட்காரவில்லை.

"உக்காரும்மா. உன் பேர்ல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும்." அவர் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "உனக்குத்தான் நான் கடமைப்பட்டிருக்கேன். நீ பண்ணின இந்தப் பெட்டியாலதான் எனக்கு இன்னிக்கு ஒண்ணு தெரிஞ்சுது. இத்தனை நாளா நான் பாப்பா பேசறதக் கேக்கல. கண்ணால பாத்தேன். கண்ணை உருட்டறா, கையை ஆட்டறா. கோவமா இருக்கான்னு நினைச்சேன். இன்னிக்குத்தான் குரல் காதுல விழுந்துச்சு. அது கோவக் குரல் இல்ல. பயந்துபோன குரல்."

"பயமா? எங்க அக்காவுக்கா?" என்றான் மகன்.

"உனக்கு எங்கடா தெரியும். நீ தினமும் காது கேக்கறவன், எதையும் கவனிக்க மாட்ட." ஃபோர்மேன் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம். மாப்ள வீட்ல இருக்கற நேரம். அவர் தும்மினா தெருவே திரும்பிப் பாக்கும். டிவிய வெச்சா அடுத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். இன்னிக்கு அவ பேசின அவ்வளவு நேரமும் நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். பின்னாடி ஒரு சத்தம் இல்ல. ஒரு தம்ளர் வைக்கற சத்தம்கூட இல்ல. என் பொண்ணு அந்த வீட்ல ஒத்தையா இருக்கா."

மருமகள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"என்கூட வந்து இருங்கப்பான்னு கேக்க அவளுக்கு வாய் வரல. அதனால கூட்டிட்டுப் போறேன்னு மிரட்டறா. சின்ன வயசுலயும் அப்படித்தான். இருட்டுன்னா பயம், ஆனா துணைக்கு வான்னு கேக்க மாட்டா. உங்களுக்குப் பயமா இருக்கும், நான் துணைக்கு வர்றேன்னு சொல்லிக்கிட்டு வந்து பக்கத்துல படுப்பா. அதான் சரின்னேன். எனக்கு இங்க ஒரு குறையும் இல்லம்மா. இங்க எனக்கு நீங்க இருக்கீங்க. அவளுக்கு யாரு இருக்கா?"

மருமகளுக்கு அதுவரை இருந்த வருத்தம் போன இடம் தெரியவில்லை. டீச்சரை மனசுக்குள் திட்டி வைத்திருந்ததை எல்லாம் நினைத்தால் வெட்கமாக இருந்தது.

"அப்ப போய்ட்டு வாங்க மாமா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துட்டு வாங்க. ஆனா வரும்போது அண்ணியையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பிறந்த வீடு இது. கோவிச்சுக்கிட்டாவது வந்து இருக்கட்டும்."

"அப்பா," என்றது ஒரு குரல்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் டிவிக்குக் கீழே இருந்து வந்தது.

"அப்பா... நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்."

மருமகள் எழுந்து நின்றாள். "நீங்க எதைங்க அணைச்சீங்க?"

"டிவிய," என்றான் லிஃப்ட் மெக்கானிக். "டிவிய அணைச்சேன். சத்தமே இல்லையேன்னு..."

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று யாரும் கண்ணால் பார்த்ததே கிடையாது. காதுதான் கணக்கு. இரைச்சல் இருந்தால் ஓடுகிறது, இல்லையென்றால் நின்றுவிட்டது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். காலையெல்லாம் உட்கார்ந்து இரைச்சலை ஒழித்து, விளக்குக்கும் டேப் ஒட்டிவிட்டு, இருண்ட டிவியை நம்பி மனசில் இருந்ததை எல்லாம் அந்தச் சின்ன கேமராவுக்கு முன்னால் கொட்டிவிட்டார்கள்.

அவன் ரிமோட்டை அழுத்தினான். டீச்சர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தாள்.

"எப்பவும் நீங்கதானே கட் பண்ணுவீங்கன்னு இருந்தேன்," என்றாள். "பண்ணல. நானாவது பண்ணியிருக்கணும். ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவ நான். ஆனா டிபன் பாக்ஸ்னு காதுல விழுந்துச்சு. அப்புறம் கை போகல."

லிஃப்ட் மெக்கானிக் ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"இங்க பாரும்மா," என்றாள். அது தம்பிக்கு இல்லை, அப்பாவுக்கும் இல்லை, மருமகளுக்கு. "நான் உன்னத் தப்பா நினைச்சிருந்தேன். வாயாலயும் சொல்லிட்டேன். அதைத் திரும்ப எடுக்க முடியாது. எங்க அப்பாவ இப்படிப் பாத்துக்கிட்டதுக்கு உனக்கு நான் என்ன செய்யப் போறேன்னும் தெரியல."

"அண்ணி, அதெல்லாம் வேணாம் அண்ணி."

"வேணும். இரு, சொல்லி முடிச்சிடறேன்." டீச்சர் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டாள். "அப்பாவ அங்கேர்ந்து கிளப்ப வேண்டாம். நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

ஃபோர்மேன் மருமகளைப் பார்த்தார். மகனும் மருமகளைத்தான் பார்த்தான்.

"சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு அண்ணி? நாளைக்கே கிளம்பி வாங்க," என்றாள் அவள்.

டீச்சர் தலையை ஆட்டினாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

"மாப்ள எங்க பாப்பா?" என்றார் ஃபோர்மேன்.

"வந்து சொல்றேன்ப்பா."

"சரி. வந்து சொல்லு. இப்ப கட் பண்ணாத. நீ உன் வேலையைப் பாரு, நான் இங்க உக்காந்திருக்கேன். பேசணும்னு இல்ல."

அப்படித்தான் அந்த மத்தியானம் போனது. டீச்சர் அங்கே விடைத்தாள்களை எடுத்து வைத்துத் திருத்தினாள். இங்கே ஃபோர்மேன் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் தாளைப் புரட்டுவதும், பேனாவை வைப்பதும், தண்ணீர் குடிப்பதும் அவருக்குக் கேட்டது. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்ற கேள்வியே அவருக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் தலையில் ஒரு கையை வைத்தார், எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தினார்.

"பாப்பா, உன் வாசக்கதவை யாரோ தட்டறாங்க."

மகனும் மருமகளும் காதைத் தீட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மறுபடியும் தட்டிய சத்தம் வந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

டீச்சர் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த சிவப்புப் பேனாவை மெதுவாக மூடினாள்.

"எனக்கும் கேக்குதுப்பா," என்றாள். "நான் போய்த் திறக்கறேன். நீங்க மட்டும் லைன்லயே இருங்க."